வாசலில் வைத்த பை

மார்க்கையன்கோட்டையில் வெயில் சாய்கிறது. காலையிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கிக் களைத்த குழந்தை நல நர்ஸ் எஸ்தரம்மாள், பஞ்சம்மாள் வீட்டு வாசலில் நிற்கிறாள். நாற்று நட்ட சேறு காயாத கைகளால், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டு பஞ்சம்மாள் வழியை மறிக்கிறாள். "பிள்ளைய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போக வந்தீகளோ?" 'ஏன் முன்பே சொல்லவில்லை' என்ற அதட்டல் எஸ்தரம்மாளின் நாக்குநுனிவரை வந்துவிடுகிறது. அந்தச் சேற்றுக் கைகளைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டு, மருந்துப் பையை வாசலிலேயே வைக்கிறாள். "இல்லத்தா. நீ சொல்லாம தொட மாட்டேன். காலு கடுக்குது, இங்கன உக்காந்துக்கிறட்டுமா?" படியில் சரிந்து உட்காருகிறாள். பிள்ளை முனகிக்கொண்டே இருக்கிறது. வெகுநேரம் கழித்துப் பஞ்சம்மாள் அவளருகே குந்தி, முந்தானையை மெல்ல விலக்குகிறாள். "நேத்துலருந்து பால் குடிக்கலம்மா. நெத்தியத் தொட்டுப் பாருங்க."