முதுகுக்குப் பின்னால் கிளவுஸ்

பிப்ரவரி 9, புதன். நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. பேஸ்பால் பயிற்சியில் ஜெரால்டு அண்ணன் பதினோரு பந்துகளைத் தவறவிட்டார் என்று எழுதியிருந்தேன். அவர் கையை நீட்டவே இல்லை. இன்று அருகில் நின்று பார்த்தேன். பந்து வரும்போது அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் போய்விடுகின்றன, கிளவுஸோடு.

பதினெட்டு வருடம் ஃபுட்பாலில் தடுப்பாட்டக்காரராக ஆடியவர். எங்கள் பேட்டையில் அவரைப் பார்த்தால் இன்னும் விசில் அடிப்பார்கள். கோல் பக்கத்தில் பந்து கையில் பட்டால் பெனால்டி. அந்தப் பயம் கைகளைவிட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை புதிய பேஸ்பால் லீக்குக்கு ஆள் எடுக்கிறார்கள். முப்பத்தொன்பது வயதுக்காரரை இன்னொரு முறை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

"கைய கட்டிக்கினு நிக்கிறதுக்கு சம்பளம் குடுக்குற ஆட்டம் எதுனா இருந்தா சொல்லு சுகிர்தா" என்று சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

எங்கள் மாலை பேஸ்பால் வகுப்பிலேயே மோசமாக எறிபவள் நான். யோசனை சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் அடுத்த பந்தை எறியும்போது கத்தினேன்: "அண்ணே, த்ரோ நம்மளுது!"

ஃபுட்பாலில் கோட்டுக்கு வெளியே போன பந்தை மட்டும் கையால் எடுத்து எறியலாம். அவர் கைகள் முன்னால் வந்தன. பிடித்துவிட்டார். பிடித்த பந்தை, ஃபுட்பால் த்ரோவுக்குத் தூக்குவதுபோல், தலைக்கு மேல் தூக்கியும்விட்டார்.

"ஞாயித்துக்கெழம யாரு கத்துவா?" என்றார்.

நாளை: ஐம்பது பந்துகள். முதல் இருபத்தைந்துக்கு நான் கத்த வேண்டும். மீதிக்கு வாயை மூடிக்கொண்டு எறிய வேண்டும்.