கங்கம்மா என்ன சொன்னாள்?

படத்தில் எல்லாம் தெளிவாக இருந்தது.

ஒரு வேன். உள்ளே இரண்டு குச்சி உருவங்கள், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. பெரியது புடவை கட்டியிருந்தது. அதன் கை சின்ன உருவத்தின் வாய் மேல் இருந்தது. சின்ன உருவத்தின் கண்ணிலிருந்து கோடு கோடாகக் கண்ணீர்.

சாராளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை.

அவள் மகள் ஜோசலினுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். நன்றாக எழுதுவாள், ஆனால் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. அதனால் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தெரபி சென்டரில் சினேகா டீச்சர் அவளுக்குப் படம் போட்டுப் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைக் குச்சி உருவமாக வரைய வேண்டும். யார் பேசினார்களோ அவர்கள் தலைக்கு மேல் ஒரு வட்டம். வட்டத்துக்குள் அவர்கள் சொன்னது. தினம் ஒரு படம் வீட்டுப்பாடம்.

சின்ன உருவம் ஜோசலின். பெரியது வேன் ஆயா கங்கம்மா. வேறு யார்?

சாராள் படத்தை போனில் எடுத்து சினேகாவுக்கு அனுப்பினாள். இன்னும் யார் தலைக்கு மேலும் வட்டம் போடவில்லை, நாளைக்குக் கூட்டி வாருங்கள், அவளிடமே கேட்டுவிடலாம் என்று பதில் வந்தது.

நாளை வரைக்கும் பொறுக்க முடியவில்லை. அதே படத்தை வேன் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். 'பேசத் தெரியாத குழந்தைன்னுதானே வாயைப் பொத்தறாங்க' என்று கீழே எழுதினாள். பத்து நிமிடத்தில் நாற்பது பதில். எல்லாம் கொதிப்பு.

மறுநாள் காலை தலைமையாசிரியை அறையில் கங்கம்மாவை நிற்க வைத்தார்கள். ஐம்பதைத் தாண்டியவள். விடிவதற்கு முன்பே பள்ளிக்கரணையில் பஸ் பிடித்து வருகிறவள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்திருந்தாள். சாராளுக்கு அதுவே குற்றம் செய்தவள் நிற்கிற விதமாகப் பட்டது.

"ஜோசலின் வாயில கை வெச்சீங்களா?" என்று கேட்டாள் சாராள்.

கங்கம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெச்சேம்மா."

"ஏன்?"

கங்கம்மா சாராளைப் பார்த்தாள். தலைமையாசிரியையைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்து முழுங்கினாள்.

"கத்திக்கினே இருந்துச்சு. தெரியாம செஞ்சிட்டேம்மா."

அன்றோடு வேலை போயிற்று. படம் குரூப் குரூப்பாகப் பரவியதில், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் எந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று வேன் டிரைவர் பென்னி சொன்னார். சாராள் வருத்தப்படவில்லை. கங்கம்மாவே ஒப்புக்கொண்ட பிறகு சினேகா கேட்க என்ன இருக்கிறது என்று அந்தப் படத்தை சென்டருக்குக் கொண்டுபோகவும் இல்லை. சர்ச்சில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து சாட்சியே சொன்னாள், வாய் பேசாத பிள்ளைக்கும் ஆண்டவர் நியாயம் செய்தார் என்று.

புது ஆயா வந்தாள். சின்னப் பெண். கையில் எந்நேரமும் போன்.

மூன்றாவது வாரம் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. கேம்ப் ரோடு சிக்னலில் வேன் நின்றிருக்கிறது. சுற்றிலும் ஹாரன். சத்தம் தாங்காமல் ஜோசலின் தன் மணிக்கட்டைத் தானே கடித்திருக்கிறாள். விடவே இல்லையாம். சதை கிழிந்து நான்கு தையல்.

சாராள் போனபோது மேசை மேல் டி.சி. தயாராக இருந்தது. அதோடு பழைய காகிதம் ஒன்று. பிள்ளை தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் பள்ளியிலிருந்து அழைத்துப் போய்விடுவதாக, சேர்க்கும்போது சாராள் எழுதிக் கொடுத்தது. வேன் ஆயா என்ற முறையில் கங்கம்மாவும் அதில் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"ரெண்டு வருஷமா ஒரு தடவைகூட இப்படி ஆனதில்லையே மேடம்" என்றார் தலைமையாசிரியை. "திடீர்னு என்ன ஆச்சு?"

சாராளுக்கும் தெரியவில்லை. ஜோசலினைக் கூட்டிக்கொண்டு நேராக சென்டருக்கு வந்தாள்.

சினேகா அழுகிற தாயைச் சமாதானம் செய்யவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் வேனை வரைந்து ஜோசலின் முன்னால் வைத்தாள். சிக்னலில் சத்தம் வந்தால் வேனுக்குள் என்ன நடக்கும், வரைந்து காட்டு என்றாள்.

இடது கையில் கட்டோடு ஜோசலின் பென்சிலை எடுத்தாள். சின்ன உருவம் போட்டாள். அதன் கையை அதன் வாய்க்கே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு அந்தக் கையை மட்டும் அழித்தாள். பக்கத்தில் புடவை கட்டிய பெரிய உருவம் ஒன்றைப் போட்டாள். அதன் கையை நீளமாக இழுத்து, சின்ன வாயில் கொண்டுவந்து விட்டாள்.

"பாருங்க, அன்னைக்கும் இதேதான் வரைஞ்சா" என்றாள் சாராள்.

சினேகா பெரிய உருவத்தின் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டாள். "கங்கம்மா என்ன சொன்னாங்க?"

ஜோசலின் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

"உன் கைய வுட்டுடு கண்ணு. என் கைய கடிச்சிக்கோ."