நடுச்சுவர்

கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவர் யாருக்கு என்று குயவருக்கும் படம் வரையும் அவர் தங்கைக்கும் ஓயாத இழுபறி.

"என் ஜாடியில தண்ணி நிக்கும். உன் படத்துல நிக்குமா? நீ கதவுக்குப் பின்னாடி மாட்டிக்க" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார் அண்ணன்.

"ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லேண்ணா" என்றாள் அவள்.

திறப்பு நாள் காலையில், தலைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் ஜாடியை அணைத்தபடி உள்ளே வந்தார். நடுச்சுவரில் ஒரு மரப்பலகை. அதன்மேல், கண்ணாடி ஊதும் தொழில் செய்யும் தங்கை புருஷனின் நீலக் குப்பிகள். அவற்றுக்குள் புகுந்த வெயில், தண்ணீருக்கடியில் நிலா உறங்குவதுபோல் மினுங்கியது. சண்டைக்கு வந்த மனிதர் தூக்கத்தில் நடப்பவர்போல் நெருங்கினார்.

"மாப்பிள்ளையாவது எனக்குப் பக்கத்துல இடம் விட்டிருக்காரே" என்று முணுமுணுத்தபடி, இரண்டு குப்பிகளுக்கு நடுவே ஜாடியை வைத்துக் கையை எடுத்தார்.

"அண்ணா, வைக்காதே" என்று தங்கை ஓடிவருவதற்குள் ஜாடி தரையில் விழுந்து சுக்குநூறானது.

தடுமாறிப் பலகையைப் பிடிக்கப் போனவர் கைக்கு வெறும் சுவர்தான் தட்டுப்பட்டது. பலகை, குப்பி, வெயில் எல்லாம் ஈரச் சாயமாக விரலில் ஒட்டிக்கொண்டன.

"இன்னும் காயலைண்ணா" என்றாள் தங்கை, பயந்துகொண்டே.

அண்ணன் விரலைப் பார்த்தார். சுவரை வெகுநேரம் பார்த்தார்.

"மிச்ச ஜாடிங்களை எடுத்துட்டு வரச் சொல்லும்மா. தரையிலயே வெச்சுக்கறேன்."