எல்லார் விரலிலும் பஞ்சு

கிட்டே வந்து உட்காருங்கள், செல்லங்களே. மனசு குளிர ஒரு காட்சி சொல்கிறேன். சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தாவில் காலை வெயில் பாய் விரித்தாற்போல் கிடக்கிறது. பல்வலிக்காரர், இருமல்காரி, லாரி டிரைவர் எல்லாரும் ஆளுக்கொரு விரலைத் தூக்கிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லார் விரலிலும் பஞ்சு. எதற்கு வந்தாலும் எச்.ஐ.வி. சோதனையும் உண்டு என்பது இங்கே புது வழக்கம். உள்ளே, சூடுபட்ட முழங்கைக்கு மருந்து போட வந்த இஸ்திரிக்காரி நர்ஸ் முன்னால் விரலை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் அந்த நோயில் போன நாளிலிருந்து தனக்கும் இருக்குமோ என்று பயம். போய்க் கேட்டால் ஊர் வாயில் விழ வேண்டுமே என்று கேட்காமலே காலத்தை ஓட்டியவள். "துணைக்கு வந்த நாத்தனாரும் கூட இருக்கட்டும்" என்கிறாள். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத் தொட்டுப் பார்த்தே காய்த்துப்போன விரலில் ஊசி இறங்க மறுக்கிறது.

"இது விரலாக்கா, இரும்பா?" என்கிறாள் நர்ஸ்.

"எங்க அண்ணிக்குத் தோலு மட்டுந்தாங்க கெட்டி. இடது கையில குத்துங்க" என்று நாத்தனார் தன் பஞ்சு விரலை ஆட்டுகிறாள்.

"எது வந்தாலும் மாத்திரை இருக்கு, பயப்படாதீங்கக்கா" என்கிறாள் நர்ஸ்.

ரத்தச் சொட்டைச் சோதனை அட்டையில் விட்டு, ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்க்கிறாள்; இரண்டு வந்தால் நோய் உண்டு. நர்ஸ் முகம் மலர நிமிர்கிறாள். "ஒரே கோடு. உங்களுக்கு இல்லக்கா!" நாத்தனார் அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா, தெரியவில்லை. வெளியே வந்த இஸ்திரிக்காரிக்கு டிரைவர் நகர்ந்து இடம் விடுகிறார். "உங்களையும் குத்திட்டாங்களா?"

"குத்திட்டாங்கண்ணே!" என்று அவளும் விரலைத் தூக்கிக் காட்டுகிறாள். எல்லார் விரலிலும் பஞ்சு இருக்க, ஏனென்று யாரும் கேட்கவில்லை.

இந்தச் சிரிப்பு உங்கள் வீட்டு வாசலிலும் வந்து உட்காரட்டும், என் கண்ணுகளா.