ஒரு இணைப்பு, ஒரு ஓட்டு

பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் இணையக் குழுவுக்குத் தலைவர் தேர்தலை நடத்துபவர் தமிழ்செல்வன். கள்ள ஓட்டைத் தடுக்க, ஒரு நெட் இணைப்புக்கு ஒரே ஓட்டு என்று விதி வைத்திருந்தார். போன வருடம் நல்லூர் பிரவுசிங் சென்டரிலிருந்து வேறொருவருடையதற்குப் பின் இரண்டாவதாக வந்த, நதியா என்ற தொழிலாளியின் ஓட்டைத் தள்ளிவிட்டார்.

“எங்க எல்லாருக்கும் இருக்கது அந்த ஒரு சென்டர்தான், அண்ணே. நான் நெசமான ஆளு,” என்று போனில் கெஞ்சினாள்.

“ரூல்ஸ் எல்லார்த்துக்கும் ஒண்ணுதானுங்க, அம்மிணி.”

அடுத்த மாதமே காய்ச்சலில் போய்விட்டாள். துக்கம் கேட்கக்கூட அவர் போகவில்லை. சென்டரையும் மூடிவிட்டார்கள், அங்கே இப்போது தையல் மிஷின்கள் ஓடுகின்றன.

இந்த வருட ஓட்டுகளை எண்ண உட்கார்ந்தார். முதல் ஓட்டு நதியாவுடையது, அதே சென்டரின் இணைப்பிலிருந்து. பட்டியலைக் கடைசி வரை உருட்டிப் பார்த்தார்.

அந்த இணைப்பிலிருந்து வேறு ஓட்டு வரவில்லை. விதிப்படி அது செல்லும்.