சுவர் தாண்டிய பாட்டு

மார்ச் பதினொன்று, காலை பத்து இருபது. வெளியே விடாத தூறல். நகராட்சி அதிகாரியின் மேசையில், தையல்காரம்மா மூன்று மாதங்களில் கொடுத்த பதினான்கு மனுக்கள் கிடந்தன. அவளும், அவளுடைய பக்கத்து வீட்டுப் பாப் குழுவின் பாடகியும் எதிரே நின்றார்கள்.

“சார், சாயங்காலத்துக்குள்ள பாட்டைப் பதிவு பண்ணி உலகப் போட்டிக்கு அனுப்பணும். இன்னிக்கு மட்டும் விடுங்க.”

“தினம் நாப்பது தடவை ஒரே பாட்டு! என் காது என்ன தகர டப்பாவா?” என்றாள் தையல்காரம்மா.

“போதும்மா, தலை வலிக்குது. பாடத் தடைன்னு எழுதிட்டேன்,” என்று அதிகாரி கையெழுத்திடப் பேனாவைத் திறந்தார்.

“தடையா? என் கடைசி மனுவைப் படிச்சீங்களா?” என்று தையல்காரம்மா பதறினாள்.

“பதிமூணைப் படிச்சவனுக்குப் பதினாலாவது தெரியாதா?”

“அது சத்தத்துக்கு இல்ல சார். வெளிநாட்டுக்காரங்களுக்குப் பொறுமை இருக்காதுன்னு நேத்து ரெண்டாவது சரணத்தை வெட்டிட்டாளுங்க. பாட்டுக்கு உயிரே அதுதான்! அந்தத் தாளத்துக்குத்தான் நான் மிஷினே மிதிக்கிறேன். திருப்பிச் சேர்க்கச் சொல்லுங்க.”

“சரணத்துக்கெல்லாம் எனக்கு ஏதும்மா அதிகாரம்?”

பாடகியின் குரல் இறங்கியது. “சேர்த்தே பாடறோம்க்கா.”

அதிகாரி பல்லைக் கடித்தபடி ‘தடை’யை அடித்து, ‘மாலைவரை பாடலாம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். தையல்காரம்மாதான் முந்திக்கொண்டு வாங்கினாள்.