பட்டன் பவளமும் உம்மாவின் கேத்தலும்

உச்சி வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றார் என் கணவர். கண்ணில் நீச்சல் கண்ணாடி. முழங்கை வரை ரப்பர் கையுறை.

நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. கல்யாணமாகி மூன்று கிழமை, எதற்கெடுத்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

"சிரிக்காதீங்க ஸல்ஹா. இது நஞ்சு."

குசினிப் படியில் அவர் வைத்திருந்த வாளியைத்தான் சொன்னார். அதற்குள் உப்புத் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு கல், கல் முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகச் சட்டைப் பட்டன்கள். பட்டன் பவளமாம். பார்த்தால் அப்பாவி. அவர் பவளம் வளர்க்கும் தொட்டியில் பக்கத்துப் பவளத்தின் மேல் ஏறிப் படர்ந்துவிட்டதால் இன்றைக்கு அதற்கு முடிவெட்டு.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டோடு வந்து சேருவார். மூதூரிலிருந்து நஸ்ரி வந்தபோது கையில் ஒரு சூட்கேஸ்தான். பின்னால் வந்த லொறியில்தான் கண்ணாடித் தொட்டி, விளக்கு, பம்பு, கேன் கேனாகக் கடல் தண்ணீர். துறைமுகத்தைப் பார்த்திருக்கிற வீட்டுக்குக் கடலை ஏற்றி இறக்கிய மாப்பிள்ளை என்று தெருவே சிரித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

உம்மாவுக்கு ஒரே ஒரு குறை. மருமகன் இன்னும் ஒரு தடவைகூட 'மாமி' என்று கூப்பிடவில்லை.

மார்க்கத்தில் தடை ஒன்றும் இல்லை, வெட்கம்தான். மாமியும் மருமகனும் முகம் பார்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் மெல்ல மெல்லத்தான் நடக்கும். அதுவரை நடுவில் நான். சோறு போதுமா என்று உம்மா திரைக்குப் பின்னால் நின்று என்னிடம் கேட்பார். போதும் என்று அவர் என்னிடம் சொல்வார். இத்தனைக்கும் திரைக்கும் அவருக்கும் ஒரு முழ இடைவெளிகூட இருக்காது.

போதாததற்குப் பக்கத்து வீட்டு நஜ்முன் நிஸா. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, மருமகனுக்கு வாய் வந்துட்டா?" என்று தினமும் கேட்பார். நேற்று அதைக் கேட்டுவிட்டு உள்ளே வந்த உம்மா அழுதேவிட்டார். எனக்கு நஜ்முன் நிஸா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பவளத்தின் சட்டதிட்டங்களும் என் வழியாகத்தான் உம்மாவுக்குப் போயின. நஸ்ரி என்னைப் பார்த்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் கேட்கும்படி உரக்கச் சொன்னார். வெறுங்கையால் தொடக்கூடாது. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் கிட்டப் போகக்கூடாது. வெட்டும்போது பீய்ச்சி அடிக்கும், கண் கவனம். சுடுதண்ணீர் மட்டும் கூடவே கூடாது. ஆவியோடு நஞ்சு மூச்சுக்குள் போனால் வீட்டோடு ஆஸ்பத்திரிதான்.

அந்தக் கடைசிச் சட்டம்தான் எனக்குக் கவலை. மீன் சட்டியிலிருந்து நான் காலில் போடும் சப்பாத்து வரை எதையும் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவினால்தான் உம்மாவுக்கு மனம் ஆறும்.

முற்றத்தின் கோடியில், காற்றோட்டமான இடமாகப் பார்த்து மேசை போட்டோம். பழைய பத்திரிகை விரித்தோம். வாளியை எடுக்கத் திரும்பினோம்.

படியில் உம்மா. வாளிக்கு மேல் குனிந்தபடி. கையில் சுடுதண்ணிக் கேத்தல்.

பழக்க தோஷத்தைப் பாருங்கள். வீடே ஆபத்தில் நிற்கிறது, மனுஷன் என் பக்கம் திரும்பி, அதுவும் மெதுவாக, "உங்கட உம்மாட்ட சொல்லுங்க, ஊத்த வேணாமெண்டு" என்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். பயத்தில் சத்தமே வரவில்லை.

கேத்தலின் மூக்கு சரிந்தது.

"மாமீ!"

துறைமுகத்தில் கப்பல் ஊதினால்கூட எங்கள் முற்றத்தில் இப்படிக் கேட்டதில்லை.

மழைக்கோட்டு சடசடக்க, கண்ணாடி மூக்குக்கு இறங்க, ஓடினார். "வேணாம் மாமி! ஊத்தாதீங்க மாமி! தள்ளி நில்லுங்க மாமி!" மூன்று கிழமையாக வராத மாமியெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. வாளிக்கும் உம்மாவுக்கும் நடுவில் பாய்ந்து விழுந்து, கையுறை உம்மாவின் மேல் பட்டுவிடாதபடி இரண்டு கைகளையும் உயரத் தூக்கிக்கொண்டு நின்றார், பொலிஸில் பிடிபட்டவர் மாதிரி.

வேலிக்கு மேலால் நஜ்முன் நிஸாவின் தலை எழும்பியது. வாய் திறந்தபடி.

உம்மா நிமிர்ந்தார். முதலில் வேலிப் பக்கம்தான் பார்த்தார், நிதானமாக. பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மருமகனைப் பார்த்தார். நேருக்கு நேர்.

"கையக் கழுவிட்டு இருங்க மகன். மூச்சு வாங்குது உங்களுக்கு."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். உம்மா பேசுகிறார், இவரும் பேசுகிறார், நடுவில் நான் இல்லை.

அவர் வாளியை மூடி, மேசைக்குக் கொண்டுபோய் வைத்தார். கையுறையைக் கழற்றினார். சவர்க்காரம் போட்டுக் கழுவினார். வந்து படியில் உட்கார்ந்தார். உம்மா குசினியிலிருந்து ஒரு கிளாஸ் கொண்டுவந்து, கேத்தலைச் சரித்து நிரம்ப ஊற்றி நீட்டினார்.

அவர் மடக்கு மடக்கென்று பாதி வரை குடித்தார்.

பிறகு நிறுத்தினார். கிளாஸைப் பார்த்தார். அதன் வெளிப்பக்கமெல்லாம் வியர்த்து, துளி துளியாக வழிந்துகொண்டிருந்தது.

"பிரிட்ஜ் தண்ணிதான் மகன்," என்றார் உம்மா. "குடிச்சு முடிங்க."